என்னா தூக்குன? – தலைச்சுமையும் கழுத்தும்

இந்த எபிசோட் ரெண்டு வாரம் லேட். கேட்டு மெசேஜ் போட்ட எல்லாருக்கும் ஸாரி. காரணம் சொன்னா சிரிப்பீங்க. கழுத்து பிடிச்சுக்கிச்சு.

ஒரு ரிலீஸுக்காக மூணு நாள் தொடர்ந்து, பதினாலு மணி நேரம், பதினஞ்சு மணி நேரம்னு லேப்டாப் முன்னாடி குனிஞ்சே உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் காலையில பல் தேய்க்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வலது பக்கம் திரும்பப் பார்த்தேன். முடியலை. சென்னையில ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன். 'டெக்ஸ்ட் நெக்'னு பேர் சொன்னார், ஒரு ரப்பர் பேண்ட் கொடுத்தார், பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கிக்கிட்டார்.

அந்தக் கழுத்தோடயே பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்க ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணை இருக்கிற ஊர்னு சொன்னா சில பேருக்குத் தெரியும். வீட்டுல ஆயா இருக்கு. அம்மாவோட அம்மா. எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். நான் ரோபோ மாதிரி நடந்து வர்றதைப் பார்த்ததும் ஆயா கேட்ட முதல் கேள்வி இது:

"என்னா தூக்குன?"

"எதுவும் தூக்கலை ஆயா. சும்மா உக்காந்து கம்ப்யூட்டர் பார்த்தேன்."

"சும்மா உக்காந்ததுக்கா கழுத்து புடிச்சுக்கிச்சு?"

நியாயமான கேள்வி. இந்த ஆயா கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கரும்புக் கட்டு சுமந்த ஆளு. அதனால இன்னைக்கு எபிசோட் கழுத்தைப் பத்தி. கழுத்துத் தசைகள் எப்படி வேலை செய்யுது, நம்ம ஊர்ல அது மேல எதையெல்லாம் ஏத்தி வெச்சோம், அதைப் பத்தி யார் எழுதினாங்க, யாரைப் பத்தி எழுதலை. ஹிஸ்டரி பாட்காஸ்ட்ல எதுக்குடா அனாட்டமின்னு கேட்காதீங்க, வந்துடுவோம்.

முதல்ல ஒரு சின்ன சோதனை. சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ராத்திரி பஸ்ல வந்திருக்கீங்களா? பக்கத்து சீட்டுல தூங்குறவர் தலையைப் பாருங்க. நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்குறவர் தலை பெரும்பாலும் முன்னாடிதான் தொங்கும், நாடி நெஞ்சுல முட்டும். ஏன்னா மண்டையோடு உட்கார்ந்திருக்கிற மூட்டு தலையோட சரியான நடுவுல இல்லை. தலையோட எடை அந்த மூட்டுக்குக் கொஞ்சம் முன்னால விழுது. ஒரு சீசா மாதிரி நினைச்சுக்குங்க. ஒரு பக்கம் முகம், இன்னொரு பக்கம் பிடரித் தசைகள். முழிச்சிருக்கிற நேரமெல்லாம் பின்பக்கத் தசைகள் மெல்ல இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. தூக்கம் வந்ததும் பிடியை விட்டுடுது, தலை சாயுது.

தலையோட எடை சுமார் 4.5 லிருந்து 5 கிலோ. அதுக்குக் கீழ 7 கழுத்து முள்ளெலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். முதல் எலும்புக்கு அட்லஸ்னு பேர், கிரேக்கக் கதையில வானத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவன் பேர். மண்டையோடும் அட்லஸும் சேருற இடத்துல 'ஆமா'ன்னு தலையாட்டுறோம். அட்லஸும் அதுக்கு அடுத்த எலும்பான ஆக்ஸிஸும் சேருற இடத்துல 'இல்லை'ன்னு ஆட்டுறோம். கழுத்து மொத்தமா திரும்புற அளவுல பாதி இந்த ஒரு மூட்டுலதான் நடக்குது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

தசைகள்ல ரொம்ப வெளிப்படையா தெரியுறது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். கண்ணாடி முன்னாடி நின்னு இடது பக்கம் திரும்புங்க. வலது பக்கக் கழுத்துல காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் கயிறு மாதிரி ஒண்ணு புடைக்கும். அதுதான். வலது தசை சுருங்கினா முகம் இடது பக்கம் திரும்பும். பேரு வாயில நுழையலைன்னாலும் எனக்கு அந்தப் பேரு பிடிக்கும். ஸ்டெர்னம்னா நெஞ்செலும்பு, கிளைடோன்னா காரை எலும்பு, மாஸ்டாய்ட்னா காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பு முட்டு. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பேர்லயே இருக்கு. எங்க ஆபீஸ்ல யாரும் ஒரு வேரியபிளுக்கு இவ்வளவு நல்ல பேர் வெச்சு நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் எல்லாத்துக்கும் மேல போர்வை மாதிரி கிடக்கிறது டிரபீசியஸ். தோளைக் குலுக்குறது இதோட வேலை. அதுக்கு அடியில அடுக்கடுக்கா இன்னும் சில. எல்லாத்துக்கும் அடியில, மண்டையோட்டுக்கும் முதல் ரெண்டு எலும்புக்கும் நடுவுல, ஒரு பக்கத்துக்கு நாலுன்னு சின்னச் சின்னத் தசைகள். இவை தலையைத் தூக்குறதை விட அளக்குறதுக்குத்தான் அதிகம் பயன்படுது. தசை எவ்வளவு நீளுதுன்னு மூளைக்குச் சொல்ற உணரிகள் இங்க ரொம்ப நெருக்கமா இருக்கு. போன்ல இருக்கிற ஜைரோஸ்கோப் மாதிரி. முன்பக்கம் தொண்டைக்குப் பின்னால, எலும்பை ஒட்டி லாங்கஸ் கோலைன்னு ஒண்ணு. வெளியில தெரியவே தெரியாது. இதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப என் பிரச்சினைக்கு வர்றேன். 2014ல நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ்ங்கிற முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒரு கணக்கு வெளியிட்டார். தலை நேரா இருந்தா கழுத்து தாங்குறது 5 கிலோ. 15 டிகிரி குனிஞ்சா 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 45க்கு 22, 60 டிகிரிக்கு 27 கிலோ. நீங்க வாட்ஸ்அப்ல பார்த்திருப்பீங்களே, போனைப் பார்த்துக் குனியுற பொம்மைப் படம், அதுக்கு மூலம் இதுதான். ஆனா இது கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு, ஆட்களை வெச்சு அளந்தது இல்லை. குனிஞ்சு போன் பார்க்கிறதுக்கும் கழுத்து வலிக்கும் நேரடித் தொடர்பு இருக்கான்னு பின்னால பார்த்த பல ஆய்வுகள்ல அவ்வளவு தெளிவா பதில் வரலை. இருந்தாலும் சீசா கணக்கு உண்மை. முகம் முன்னால போகப் போக, பிடரி அதிகமா இழுக்கணும்.

சரி, ஆயா ஏன் சிரிச்சுச்சு? 27 கிலோன்னு சொன்னேன், அதான். "ஒரு கட்டு அதைவிட ஜாஸ்தி வரும்டா."

தலையில சுமக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சங்க இலக்கியத்துல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒரு பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதினது, பத்துப்பாட்டுல ஒண்ணு. அதுல ஆயர் வீட்டுப் பெண் ஒருத்தி மோர்ப்பானையைத் தலையில வெச்சு விற்கப் போறா. பானைக்கு அடியில சுமடு. நாம சும்மாடுன்னு சொல்றோமே, அதேதான். துணியை முறுக்கி வட்டமாச் சுத்தி உச்சந்தலையில வைக்கிறது. இத்தனை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பொருளும் மாறலை, பேரும் பெருசா மாறலை.

சும்மாடு என்ன பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. உச்சந்தலை வளைவானது. அது மேல தட்டையான பொருளை வெச்சா ஒரே புள்ளியில அழுத்தும், ஆடும். சும்மாடு வளைவை சமதளமா ஆக்குது, எடையைப் பரப்பி விடுது, நடக்கும்போது வர்ற சின்னச் சின்ன அதிர்ச்சியை வாங்கிக்குது. இன்னொண்ணு, எடையை எங்க வைக்கணும்னு அது முடிவு பண்ணுது. தலைச்சுமைக்காரங்க எடையை நெத்தி மேல வைக்க மாட்டாங்க, கொஞ்சம் பின்னால தள்ளி, முதுகெலும்புக்கு நேர் மேல வைப்பாங்க. அப்ப சீசாவோட ஒரு பக்கத்துல எடை ஏறுறதில்லை, நடுக்கம்பத்து மேல ஏறுது. எடையை எலும்பு தாங்குது. தசைகளோட வேலை கூடாரத்தைச் சுத்திக் கட்டுற கயிறு மாதிரி, கம்பம் சாயாம பிடிச்சுக்கிறது. அந்த உள்ளே ஒளிஞ்சிருக்கிற லாங்கஸ் கோலை முன்னாடி, பின்னாடி குட்டித் தசைகள், எல்லாம் சேர்ந்து நொடிக்கு நொடி சரி பண்ணிக்கிட்டே இருக்கும்.

ஆயா என்னை சுவத்துல சாய்ச்சு நிக்க வெச்சு, "மோவாயை உள்ள இழு, கழுத்தை மேல தூக்கு"ன்னு சொல்லிச்சு. சுமை ஏத்துறதுக்கு முன்னாடி இப்படித்தான் நிக்கணுமாம். நான் அப்படியே நின்னுட்டேன். பத்து சிட்டிங்குக்கு பணம் கட்டினேனே, அங்க முதல் நாள் சொல்லிக் கொடுத்த பயிற்சியும் இதேதான்.

இதை அறிவியல் எப்ப கவனிச்சது? 1986ல நேச்சர் இதழ்ல மலோய், ஹெக்லண்ட், டெய்லர் முதலானவங்க ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. கென்யாவுல லுவோ பெண்கள் தலை மேல சுமப்பாங்க. கிகுயு பெண்கள் முதுகுல சுமையை வெச்சு, நெத்தியில பட்டை போட்டுத் தாங்குவாங்க. இவங்க மூச்சுல எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுன்னு அளந்தாங்க. தங்களோட உடம்பு எடையில 20 சதவீதம் வரைக்கும் அவங்க சுமந்தப்ப, சும்மா நடக்கிறதுக்கு மேல கூடுதல் சக்தி எதுவும் செலவாகலை. அதே எடையை முதுகுப்பையில தூக்கின ராணுவ வீரர்களுக்குக் கூடுதல் செலவு ஆச்சு. 1995ல ஹெக்லண்ட் குழு காரணத்தைத் தேடி, இந்தப் பெண்கள் சுமையோட நடக்கிறப்ப ஊசல் மாதிரியான நடை இன்னும் சிக்கனமா ஆகுதுன்னு காட்டினாங்க.

கேட்க சூப்பரா இருக்குல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். "நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை"ன்னு தம்ப்நெயில் போட்டு எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா கொஞ்சம் பொறுங்க. 2010 வாக்குல தென்னாப்பிரிக்காவுல ரே லாய்ட் குழு இதே மாதிரி அளந்து பார்த்தப்ப, எல்லாருக்கும் பொதுவான இலவசம் எதுவும் கிடைக்கலை. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்துச்சு. கழுத்து வலியும் சொன்னாங்க. அதோட அந்தக் கென்யா கணக்கு 20 சதவீதம் வரைக்கும்தான். 50 கிலோ ஆளுக்கு 10 கிலோ. ஒரு குடம் தண்ணிக்கே அது பத்தாது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பொருள் சும்மாடு இல்லை. சுமைதாங்கி.

படத்தோட பேரா சில பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, 1962ல ஸ்ரீதர் எடுத்தது. நிஜ சுமைதாங்கி ரோட்டோரத்துல இருக்கும். ரெண்டு கல்லை நட்டு, அது மேல குறுக்கே ஒரு கல். கிட்டத்தட்ட ஆள் தோள் உயரம். எதுக்குன்னா, தலைச்சுமையோட நடந்து வர்றவங்க அதுல சுமையை இறக்கி வெச்சு இளைப்பாறுறதுக்கு. பள்ளிக்கூட நாள்ல இதைப் பார்த்து, எதுக்குடா இவ்வளவு உயரத்துல ஒரு பெஞ்சுன்னு யோசிச்சிருக்கேன்.

ஏன் தரையில இறக்கி வெக்கக்கூடாது? ஆயாகிட்ட கேட்டேன். "எறக்குனா மறுபடி ஏத்தி விடுறது யாரு?"

இதுதான் விஷயம். சுமையை நேரா வெச்சு நடக்கிறப்ப எலும்பு தாங்குது. ஆபத்து ஏத்துறப்பவும் இறக்குறப்பவும்தான். சுமை பக்கவாட்டுல சாஞ்சபடி மேல வரும், கழுத்து ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், முழு எடையும் திடீர்னு ஒரு பக்கத் தசைகள் மேல விழும். கனமான சுமையைத் தனியாளா தரையிலிருந்து தலைக்கு ஏத்தவே முடியாது, இன்னொருத்தர் கை கொடுக்கணும். வயக்காட்டுல ஆள் இருக்கும், நடுரோட்டுல யார் இருப்பாங்க? தோள் உயரத்துல ஒரு கல் இருந்தா, லேசா முட்டியை மடக்கி, சுமையை அப்படியே நகர்த்தி வெச்சுடலாம். திரும்பக் கிளம்பும்போது தலையை அடியில கொடுத்து, முட்டியை நிமிர்த்தினா போதும். கழுத்து வளையவே வேண்டாம், தொடைத் தசை தூக்கிக்கும். அந்தக் கல் இன்னொரு ஆளோட வேலையைப் பார்க்குது. லாங்கஸ் கோலைன்னு பேரு தெரியாமலே கழுத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்க அந்த உயரத்தை முடிவு பண்ணியிருக்காங்க.

அதை எதுக்காக நட்டாங்கங்கிறதுதான் தொண்டையை அடைக்கிற விஷயம். தமிழ்நாட்டுல பல இடங்கள்ல, கர்ப்பமா இருக்கும்போதோ பிரசவத்துலயோ இறந்துபோன பெண்களோட நினைவா சுமைதாங்கிக் கல் நட்டிருக்காங்க. வயித்துச் சுமையை இறக்காமலே போயிட்டா, அதனால வழியில போறவங்க சுமையை இறக்கி வைக்க ஒரு இடம் செஞ்சா அவ ஆத்மா அமைதியடையும்னு நம்பிக்கை. சில கல்லுல பேரும் வெட்டியிருப்பாங்க. நான் ஒவ்வொரு தடவையும் பஸ்ல கடந்து போன கல்லு ஒரு பொண்ணோட நினைவுக்கல்லா இருந்திருக்கலாம்.

எங்க ஊர் வழியிலயும் ஒண்ணு இருந்துச்சுன்னு ஆயா சொல்லுது. மலையிலிருந்து சந்தைக்குக் கடுக்காயும் புளியும் தூக்கிக்கிட்டு வர்றவங்க அதுல இறக்கி வெச்சு வெத்தலை போடுவாங்களாம். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் பிடியில இருந்த இடம். மேல ஒழுங்கா ரோடு வந்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அது வரைக்கும் மலைக்கும் சந்தைக்கும் நடுவுல இருந்த வண்டி, மனுஷத் தலைதான். அந்தக் கல்லு ரோடு அகலப்படுத்தினப்ப காணாமப் போச்சாம். எந்த இடம்னு கேட்டா ஆயா ஒரு டயர் கடையைக் காட்டுது.

இப்ப கடல் தாண்டிப் போறோம். தலைச்சுமையில இன்னொரு வகை உண்டு. சுமையைத் தலை மேல வைக்காம தலையிலிருந்து தொங்க விடுறது, கிகுயு பெண்கள் செஞ்ச மாதிரி. நம்ம மக்கள்ல இதைச் செஞ்சவங்க இலங்கை மலையகத் தோட்டங்கள்ல கொழுந்து எடுத்தவங்க. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல தேயிலைத் தோட்டம் போட்டார். காப்பியில நோய் விழுந்து அழிஞ்சதும் மலை முழுக்கத் தேயிலை ஆச்சு. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள்ல பெண்கள்தான் பெரும்பாலும் கொழுந்து பறிக்கிறவங்க. கூடை முதுகுல, கயிறு தலையில. இங்க கழுத்துக்கு வேலை தலைகீழ். கூடை தலையைப் பின்னால இழுக்கும், முன்பக்கத் தசைகள் நாள் முழுக்க எதிர்த்து நிக்கணும். அதே நேரத்துல மழையில, சரிவுல, கை ரெண்டும் கொழுந்துல.

இலங்கையில அதே காலத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. யாழ்ப்பாணம் மானிப்பாய்ல சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர். 1822ல பிறந்தவர், 1847ல யாழ்ப்பாணம் வந்தார். முதல்ல ஆங்கிலத்துல மருத்துவம் சொல்லிக் கொடுத்தவர், 1864 வாக்குல தமிழுக்கு மாறினார். முழு மருத்துவப் படிப்பும் தமிழ்ல. அறுபதுக்கும் மேற்பட்டவங்களை டாக்டர் ஆக்கினார். தன் மாணவர்களோட சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினார். அதுல ஒண்ணு 1872ல வந்த 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேஸ் அனாட்டமி உள்ளிட்ட ஆங்கில நூல்களை வெச்சு எழுதின உடற்கூற்றுப் புத்தகம். ஒரு சொல்லுக்கு முதல்ல தமிழ்ல தேடுவாங்க, கிடைக்கலைன்னா சமஸ்கிருதம், அதுவும் இல்லைன்னா ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்துல எழுதுவாங்க. தெளிவான ஃபால்பேக் லாஜிக். நூத்தம்பது வருஷம் முன்னாடி மனுஷ உடம்போட ஒவ்வொரு எலும்பையும் தசையையும் தமிழ்ல படிச்சுப் பரீட்சை எழுதின பசங்க இருந்திருக்காங்க. நான் இன்ஜினியரிங் படிச்சது இந்த நூற்றாண்டுல, அதுவும் தமிழ்நாட்டுல. தமிழ்ல ஒரு பாடம் கிடையாது.

இங்க ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். கிரேஸ் அனாட்டமி 1858ல வந்தப்ப அதுல இருந்த அற்புதமான படங்களை வரைஞ்சவர் ஹென்றி வேன்டைக் கார்ட்டர். கழுத்துத் தசைப் படங்களும் அவர் கைதான். அதே வருஷம் அவர் பம்பாய்க்கு வந்துட்டார். முப்பது வருஷம் இந்தியாவுல வேலை பார்த்தார். அவர் ஆராய்ஞ்ச நோய்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? வெறுங்காலோட மண்ணுல வேலை செய்றவங்களுக்கு முள்ளுக்காயம் வழியா வர்ற நோய். மதுரை வட்டாரத்துல பார்த்ததால அதுக்கு 'மதுரா ஃபுட்'னு பேர். 1874ல அதைப் பத்திப் புத்தகமே எழுதினார்.

கால் புண்ணா அழுகினா அதை டாக்டர் பார்க்கிறார், வெட்டி எடுக்கிறார், வரையிறார். கழுத்து தேய்ஞ்சா வெளியில ஒண்ணும் தெரியாது. யாழ்ப்பாணத்துல கழுத்துத் தசையைத் தமிழ்ல எழுதினாங்க, சில நூறு கிலோமீட்டர் தள்ளி மலையில அதே தமிழ் பேசுற பெண்கள் கழுத்துல கயிறு மாட்டிக்கிட்டு ஏறினாங்க. ரெண்டும் ஒரே தீவு. அந்தப் புத்தகம் அந்தக் கழுத்துக்குப் போய்ச் சேரலை. கிரீனைக் குறை சொல்லலை, ஒரு ஆளா அவர் செஞ்சதே மலைப்பு. 1873ல ஊர் திரும்பிட்டார், 1884ல இறந்தார். அவருக்கு அப்புறம் தமிழ்ல மருத்துவம்ங்கிற திட்டமே நின்னுபோச்சு.

சரி, ஊருக்குத் திரும்புவோம். கச்சிராயபாளையத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு, கள்ளக்குறிச்சி-2. சுத்துவட்டாரம் முழுக்கக் கரும்பு. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் ஆளுங்க இறங்குவாங்க. வெட்டி, சோகை கழிச்சு, கொழுந்தாடையாலயே கட்டுக் கட்டி, தலையில ஏத்தி, வரப்பு மேல நடந்து, லாரி வரைக்கும். லாரியில சாய்ச்சு வெச்ச பலகையில ஏறி மேல அடுக்கணும். மத்தவேலைக்கெல்லாம் மெஷின் வந்திருக்கு, வெட்டுறதுக்கும் பெரிய மெஷின் உண்டு, ஆனா சின்ன கழனியில அது திரும்பாது. அங்க இன்னும் தலைதான்.

மாமா கழனியில வெட்டு நடந்துச்சு. நான் வீட்டு எடை மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அக்காங்க எல்லாம் சிரிச்சாங்க. ஒரு அக்காவோட கட்டைத் தலையில வாங்கி மெஷின்ல ஏறி நின்னேன் (நாலு நொடிதான் நின்னேன், அதுக்கே ரெண்டு பேர் பிடிச்சாங்க). என் எடையைக் கழிச்சா 33 கிலோ.

அந்தக் காலத்துல ஆயா 50 கிலோ இருந்திருக்கும்னு வெச்சுக்குங்க. 20 சதவீதம்னா 10 கிலோ. கட்டு அதுல மூணு மடங்குக்கு மேல. ஒரு நாளைக்கு நாப்பது நடையாவது போகும்னு ஆயா சொல்லுது. 33 பெருக்கல் 40, 1320 கிலோ. தினமும் ஒரு சின்னக் கார் கழுத்து மேல ஏறி இறங்கியிருக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ல அதிகபட்ச எடை பத்தி ஒரு உடன்படிக்கையும் பரிந்துரையும் கொண்டு வந்துச்சு. ஆண்களுக்கு 55 கிலோ உச்சம், பெண்களுக்கு அதைவிட நல்லாவே குறைவா இருக்கணும்னு அதுல இருக்கு. கேரளாவுல 1978ல சுமைத் தொழிலாளர்களுக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு. தமிழ்நாட்டுலயும் 1982ல உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அந்த வருஷமெல்லாம் ஆயா கட்டுத் தூக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்தப் பேச்சு எதுவும் அது காதுல விழலை.

இப்ப நான் முதல்ல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன விஷயம். ஆயாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டா, கழுத்தைத் திருப்பாது. உடம்போட சேர்ந்து முழுசா திரும்பும். சின்ன வயசுல அது ஆயாவோட ஒரு மிடுக்குன்னு நினைச்சேன். ராணி மாதிரி திரும்புதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். இந்தத் தடவைதான் பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சேன். இடது பக்கம் கொஞ்சம் வருது. வலது பக்கம் வரவே மாட்டேங்குது. கை விரல் மரத்துப்போகுதுன்னு வேற சொல்லுது. ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. எலும்பு தேய்மானம், வயசாயிடுச்சுன்னு சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க.

1700ல இத்தாலியில பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர், தொழிலாளர்களுக்கு வர்ற நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். சுமை தூக்குறவங்களுக்கே அதுல ஒரு தனி அத்தியாயம் இருக்கு. அவர் டாக்டர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். நோயாளிகிட்ட ஹிப்போகிராட்டீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோட இன்னும் ஒண்ணு சேர்த்துக் கேளுங்க: நீ என்ன வேலை செய்ற? 1700ல சொன்னது. என்கிட்ட சென்னையில அதைக் கேட்டாங்க. ஐடின்னு சொன்னதும் வலிக்கு ஒரு பேரும் கிடைச்சுது. ஆயாகிட்ட யாரும் கேட்கலை. ஆனா நான் வாசல்ல நுழைஞ்சதும் ஆயா என்கிட்ட கேட்டது அந்தக் கேள்விதான்.

அதனால உட்கார வெச்சு நானும் கேட்டேன். "ஆயா, நீ என்னா தூக்குன?" சொல்லச் சொல்ல போன்ல டைப் பண்ணிக்கிட்டேன். பத்து வயசுல தண்ணிக்குடம். அப்புறம் விறகு. எருக்கூடை. அறுப்புல நெல்லுக்கட்டு. கோமுகி அணை கட்டினப்ப ஊர்ல பெரியவங்க மண்ணு சுமக்கப் போனதைப் பத்தி ஒரு பெரிய கதை, அது தனி எபிசோட். கல்யாணத்துக்கு அப்புறம் கரும்பு. வலது கையால தாங்கிக்கிட்டு, தலையை இடது பக்கம் சாய்ச்சு ஏத்துமாம். ஒவ்வொரு தடவையும் அதே பக்கம்.

பொங்கல் முடிஞ்ச அடுத்த நாள் கள்ளக்குறிச்சியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பழைய சீட்டு ஒண்ணு எடுத்தாங்க. தொழில்னு போட்ட இடத்துல 'இல்லத்தரசி'ன்னு எழுதியிருந்துச்சு. பேனா வாங்கி அதை அடிச்சேன். 'கரும்பு வெட்டு, தலைச்சுமை, 38 வருஷம்'னு எழுதினேன். இடம் பத்தலை, ஓரத்துல மடக்கி எழுத வேண்டியதாப் போச்சு. டாக்டர் படிச்சுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எந்தப் பக்கமா சாய்ச்சு ஏத்துவீங்கம்மா?"ன்னு கேட்டார்.

ஆயா எழுந்து நின்னு, ரெண்டு கையையும் தூக்கி, தலையைச் சாய்ச்சுக் காட்டுச்சு.